தையல் அஞ்சல்: பிள்ளைகளின் உடுப்பும் வீட்டு மிஷினும்

இந்த முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களை எடுத்துக்கொள்கிறோம். தீபாவளி வருகிறதல்லவா, பட்டுப்பாவாடைக் கேள்விதான் அதிகம். அதற்கும் பதில் உண்டு. ஆனால் புதிதாக மிஷினில் உட்காருகிறவர்கள் பட்டில் கை வைப்பதற்குமுன் ஓர் அரைச் சிலுவாரை (அரைக்கால் சட்டையை)த் தைத்து முடிப்பது நல்லது. எனவே அந்தக் கடிதம் முதலில்.

கேள்வி: மாமியாரின் பழைய கறுப்புக் கால்மிஷின் வீட்டில் இருக்கிறது. பல வருடமாக யாரும் தொடவில்லை. எனக்குப் பட்டன் தைக்க மட்டுமே தெரியும். மகனுக்கு 3 வயது. முதலில் எதைத் தைக்கலாம்? துணி எவ்வளவு வாங்குவது?
— ஒரு தாய், லிந்தாங்

பதில்: முதலில் மிஷினைப் பாருங்கள். வாரைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் உள்ளே பழைய எண்ணெய் பசையாகிவிட்டது என்று பொருள். அந்தக் காலத்தில் கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயை விட்டவர்கள் நிறைய. காய்ந்தால் அது கோந்துதான். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஊசியும் நூலும் இல்லாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருங்கள். அழுக்கு கறுப்பாக வழியும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். துடைத்த பிறகு தையல் மிஷினுக்கென்றே விற்கும் வெள்ளை எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டு விடுங்கள். பிறகு கந்தல் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டினால், மிச்ச எண்ணெய் நல்ல துணியில் கறையாகாது.

தோல் வார் தளர்ந்து வழுக்கினால் உடனே புதிது வாங்க வேண்டாம். கம்பிக் கொக்கியைப் பிரித்து, அரை அங்குலம் வெட்டி, புதுத் துளை போட்டு மாட்டினால் இறுகிவிடும்.

அடுத்தது மிதிப் பழக்கம். நூல் கோக்காமல், கோடு போட்ட பள்ளிக் கொப்பித் தாளை ஊசிக்கு அடியில் வைத்துக் கோட்டின்மேலேயே ஓட்டுங்கள். நேர்க்கோடு பிடிபட்டதும் ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து அதைச் சுற்றி ஓட்டுங்கள். இரண்டு மூன்று மாலை போதும். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும். துணிக்கு வேறு ஊசி மாற்றிவிடுங்கள்.

இப்போது அரைச் சிலுவார். எலாஸ்டிக் வைத்தது, ஜிப் இல்லை, பட்டன் இல்லை, கழுத்து வளைவும் இல்லை. கால் அங்குலம் தப்பினாலும் எலாஸ்டிக் மறைத்துவிடும். காட்டன் பாப்ளின், பிடாங் (துணி அகலம்) 45 அங்குலம் என்றால் அரை மீட்டர் போதும். முக்கால் அங்குல எலாஸ்டிக் ஒரு மீட்டர் வாங்குங்கள். துணிக் கடையில் கெத்தா பிங்காங் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஊசி 14ஆம் எண், நூல் பாலியஸ்டர்.

அளவெடுக்க மகனின் பழைய சிலுவார் ஒன்று போதும். கால்மேல் கால் வரும்படி அதை இரண்டாக மடித்து, இடுப்பு எலாஸ்டிக்கை முழுவதும் இழுத்துப் பிடித்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வைத்துச் சுற்றி வரையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை வெளிர் துணியில் ஒட்டும். முன்பக்கம் தெரிய மடித்து ஒரு தடவை, பின்பக்கம் தெரிய மடித்து ஒரு தடவை வரைய வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பின்பக்கத்துக் கவட்டை வளைவு ஆழமாக இருக்கும். இடுப்பிலும் பின்பக்கம் சுமார் ஓர் அங்குலம் உயரமாக இருக்கும். உட்காரும்போது சிலுவார் கீழே இறங்காமல் பிடிப்பது அந்த ஓர் அங்குலம்தான். அதை விட்டுவிட்டு முன்னும் பின்னும் ஒரே தாளில் வெட்டினால், பையன் குனிந்தால் முதுகு தெரியும்.

முன் தாள், பின் தாள் இரண்டின் பக்கவாட்டு ஓரங்களையும் ஒட்டவைத்து ஒரே தாளாக்குங்கள். பக்கத் தையல் மிச்சம். தையலுக்காகக் கவட்டையிலும் உள்காலிலும் அரை அங்குலம் விடுங்கள். இடுப்பில் 1¼ அங்குலம், கால் ஓரத்தில் 1 அங்குலம். துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, இரட்டையாக ஒரே வெட்டில் வெட்டுங்கள். ஒற்றைத் துணியில் தாளைத் திருப்பாமல் இரண்டு தடவை வெட்டுவது புதியவர்களின் வழக்கமான தவறு: இரண்டும் இடது காலாகிவிடும். கார், யானை படம் போட்ட துணி என்றால் எல்லாத் தலையும் மேல் நோக்கி இருக்கிறதா என்று வெட்டுமுன் பாருங்கள்.

தைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு காலாக உள்காலை மட்டும் தையுங்கள்; இரண்டு குழாய் கிடைக்கும். ஒரு குழாயை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, திருப்பாத குழாய்க்குள் நுழையுங்கள். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கும். உள்கால் தையல் இரண்டும் ஒரே இடத்தில் சேரும். அங்கே ஒரு குண்டூசி குத்தி, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்புவரை கவட்டையை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதற்கு வெளியே, துணி ஓரத்தை ஒட்டி, இரண்டாவது தையல் ஒன்று போடுங்கள். பிள்ளைகள் கால் அகட்டி உட்காரும் இடம் அது; ஒற்றைத் தையல் தாங்காது. வெளியே எடுத்தால் சிலுவார் வந்திருக்கும். ஒவ்வொரு காலையும் தனியாகத் தைக்காமல், தவறிப்போய் இரண்டு காலின் உள்கால் ஓரங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தவர்களுக்கு வருவது பாவாடை மாதிரி ஒன்று. பிரித்துத் தையுங்கள், துணிக்கு ஒன்றும் ஆகாது.

கால் ஓரங்களை மடித்துத் தையுங்கள். இடுப்பில் கால் அங்குலம் மடித்து, மறுபடி ஓர் அங்குலம் மடித்து, கீழ் ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். பின்பக்கம் இரண்டு அங்குலம் திறந்து விடுங்கள். எலாஸ்டிக் நீளத்துக்கு இடுப்பளவில் 2 அங்குலம் கழித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைக்க ஓர் அங்குலம் சேர்க்க வேண்டும். இடுப்பு 20 என்றால் 19 அங்குலம் வெட்டுவீர்கள். ஊக்கை மாட்டி உள்ளே ஓட்டி, முனைகளை ஓர் அங்குலம் ஏற்றிவைத்து, மூடுவதற்குமுன் பையனுக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும், நுழையாவிட்டால் தளர்த்துங்கள். பிறகு சதுரமாகத் தைத்துத் திறப்பை மூடுங்கள். இரண்டு பக்கவாட்டிலும் எலாஸ்டிக்கின் குறுக்கே செங்குத்தாக ஒரு தையல் போட்டுவிட்டால் துவைக்கும்போது அது உள்ளே முறுக்கிக்கொள்ளாது. பின் இடுப்பில் ஒரு சின்ன ரிப்பன் துண்டு இருந்தால் எது முன், எது பின் என்று அவனே தெரிந்துகொள்வான்.

கேள்வி: மனைவிக்கு இரவு ஷிஃப்ட் வேலை. மகளுக்கு நான்தான் தைத்துப் பழகுகிறேன். மேலே தையல் அழகாக இருக்கிறது; துணியைத் திருப்பினால் அடியில் நூல் கூடு கட்டியிருக்கிறது. கீழ் நூலைப் பிடிக்கும் பாபின் கேஸ் திருகை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகவில்லை.
— ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, இறுக்கிய திருகை முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அடியில் கூடு கட்டினால் குற்றம் மேல் நூலில். பூட்டுத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். மேல் நூலைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் அது மொத்தமாகக் கீழே இறங்கிக் கிடக்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் கூடு.

மேல் நூலைப் பிடிப்பது டென்ஷன் தட்டுகள். அழுத்தும் கால் கீழே இருக்கும்போது தட்டுகள் மூடியிருக்கும். அப்போது நூல் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிடும். காலைத் தூக்கி, நூலை முழுவதும் உருவி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் நாலு விரல்கடை நீளம் விட்டு, பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையலை ஓட்டுங்கள். பிடிக்காவிட்டால் தொடக்கத்திலேயே முனை உள்ளே இழுபட்டுச் சிக்கும்.

பாபின் கேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பாபினைப் போட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக்கூடாது. மணிக்கட்டை லேசாக உதறினால் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு. உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். அது மிகச் சின்னத் திருகு. கழன்று பலகை இடுக்கில் விழுந்தால் அன்றைய வேலை அதைத் தேடுவதுதான்.

டென்ஷனைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மேலே சிவப்பு நூல், பாபினில் நீலம் போட்டு, இரட்டை மடிப்புக் காட்டன் துண்டில் ஒரு சாண் தையுங்கள். மேல் பக்கத்தில் நீலப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம், குறையுங்கள். அடியில் சிவப்புக் கண்ணிகள் தெரிந்தால் தளர்வு, கூட்டுங்கள். மேலே சிவப்பு மட்டும், கீழே நீலம் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தத் துண்டை மிஷின் டிராயரிலேயே வைத்திருங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தையல் தாவினால், நூல் அடிக்கடி அறுந்தால், ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கலாம். ஊசியின் மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டை. அதற்கு எதிர்ப்பக்கம் மேலிருந்து கண்வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும்; நகத்தால் தடவினால் தெரியும். நூல் எப்போதும் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் நுழைய வேண்டும். இன்றைய வீட்டு மிஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால், நூல் முன்னாலிருந்து. பழைய கறுப்பு மிஷின்களில் நூல் பக்கவாட்டில் நுழையும். இடமா வலமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். கடைசி நூல்வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம் வரட்டும். ஊசி மலிவு, எட்டு மணி நேரத் தையலுக்கு ஒன்று என்று மாற்றுங்கள். பாட்டி காலத்து நூல்கண்டை எடுத்தால் ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள். பொட்டென்று அறுந்தால், மிஷினில் எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை.

கேள்வி: 4 வயது மகளுக்குக் கவுன் தைத்தேன். தலை நுழையவில்லை. கழுத்தை இன்னும் வெட்டினேன்; இப்போது தோளிலிருந்து நழுவுகிறது, முன்கழுத்து வாய் பிளந்து நிற்கிறது. எங்கே தவறு?
— ஒரு தாய், லாசா

பதில்: கழுத்து சின்னதாக இருந்ததில் தவறில்லை, திறப்பு இல்லாததுதான் தவறு. பிள்ளைகளுக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. கணக்கைப் பாருங்கள். 4 வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 20 அங்குலம். மடிப்பிலிருந்து கழுத்து அகலம் 2¼, முன் இறக்கம் 2½, பின் இறக்கம் 1 என்று வெட்டினால், கழுத்துச் சுற்று கிட்டத்தட்ட 13 அங்குலம்தான் வரும். 7 அங்குலம் பற்றாது. அந்த 7 அங்குலத்தைக் கழுத்தை வெட்டிப் பெற முயன்றால் தோளே காணாமல் போகும். பின்பக்கம் நடுவில் 4 அங்குலம் கீறித் திறப்பு வைத்தால் இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து 8 அங்குலம் கிடைக்கிறது. 13உடன் 8, 21. தலை தாராளமாக நுழையும். மேலே ஒரு பட்டனும் நூல் கண்ணியும் போட்டால் கழுத்து அழகாக உட்காரும். துணியை வெட்டுமுன் தாளிலேயே அளந்துவிடலாம்: இஞ்சு டேப்பை ஓரத்தில் நிற்கவைத்து வளைவோடு ஓட்டி, முன் பாதியும் பின் பாதியும் கூட்டி, இரண்டால் பெருக்குங்கள்.

வாய் பிளப்பதற்கு வேறு காரணம். கழுத்து வளைவில் துணியின் இழை குறுக்காக ஓடுகிறது. குறுக்கு இழை இழுத்தால் நீளும். போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி வெட்டி என்று நாலு தடவை கைபட்டதும் அது அரை அங்குலம், முக்கால் அங்குலம் நீண்டுவிட்டது. இனிமேல் வெட்டிய உடனே, வேறு எதையும் தைப்பதற்குமுன், கழுத்து ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அது வெளியே தெரியாது; நீளாமல் பிடிக்கும்.

இப்போதுள்ள கவுனைக் காப்பாற்றலாம். முன்கழுத்து ஓரத்தில் கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, நூலை லேசாக இழுத்து, தாளில் இருந்த பழைய அளவுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணி வைத்து இஸ்திரி போடுங்கள். சுருக்கம் அமுங்கிவிடும். பிறகு கிராஸ் பட்டி. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து, அந்த மடிப்புக்கோட்டுக்கு இணையாக 1¼ அங்குல அகலத்தில் வெட்டிய பட்டி வேண்டும். நேர் இழையில் வெட்டிய பட்டி வளைவில் திரும்பாது. வரிவரியாக மடிந்து நிற்கும். வைத்துத் தைக்கும்போது பட்டியை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கள், கவுனை இழுக்க வேண்டாம். நழுவும் தோளுக்கு, தோள் தையலில் கழுத்துப் பக்கம் மட்டும் கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்து, கைப்பக்கம் ஒன்றுமில்லாமல் சரிவாக முடியுங்கள்.

அடுத்த கவுனுக்கு அளவு: வயதைப் பார்த்து வெட்டாதீர்கள், பிள்ளையை அளந்து வெட்டுங்கள். நெஞ்சளவு 22 என்றால் கால்பங்கு 5½; அதில் ஓர் அங்குலம் தளர்ச்சி சேர்த்து 6½; தையலுக்கு வெளியே இன்னொரு அங்குலம். பக்கத்தில் விடும் அந்த ஓர் அங்குலம் அடுத்த வருடம் பிரித்து விடுவதற்கு. கைக்குழி இறக்கம் 5½ அளவில் இருக்கட்டும். கை தூக்கும்போது பிடித்தால் கைக்குழியின் அடியில் கால் அங்குலம் இறக்குங்கள். உடம்புப் பக்கம் உள்ளே வெட்டினால் நெஞ்சு குறுகிவிடும்.

கை வைக்காத கவுனாகவே தைத்துப் பழகுங்கள். கை வேண்டுமென்றால் பஃப் கை. ஒட்டிய கையில் கைவளைவும் கைக்குழியும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், பஃப் கையில் பொருந்தாததெல்லாம் சுருக்கமாகிவிடும். பார்ப்பவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கீழ்ப்பாவாடைக்கு 45 பிடாங் துணியின் முழு அகலத்தையும் அப்படியே எடுங்கள். மேல்பாகத்தின் இடுப்புச் சுற்று 26 அங்குலம். 45ஐ அதில் சுருக்கினால் ஒன்றேமுக்கால் மடங்கு. காட்டனுக்கு அது போதும், அதற்கு மேல் போனால் இடுப்பில் கட்டியாகத் தெரியும். தையல் நீளத்தை மிகப் பெரிதாக வைத்து, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூல்கள் இரண்டையும் சேர்த்து இழுங்கள். ஒற்றை வரிசை போட்டு இழுத்தால் சுருக்கு ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் வெறுமையாக நிற்கும். இரண்டு பாகத்தையும் நாலாக மடித்து அடையாளம் போட்டு, அடையாளத்துக்கு அடையாளம் குண்டூசி குத்திச் சேருங்கள். மொத்தத்தில் ஒரு மீட்டர் துணியில் கவுன் முடிந்து, கிராஸ் பட்டிக்கும் மிச்சம் இருக்கும்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய காட்டனில் தைத்த கவுன் முதல் துவைப்பிலேயே குட்டையாகிவிட்டது. துணி மட்டமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மட்டமாக இருக்க வேண்டியதில்லை. காட்டன் 100க்கு 3 முதல் 5 வரை சுருங்குவது இயல்பு. 22 அங்குலக் கவுனில் அது ஓர் அங்குலம். ரேயான் அதைவிட அதிகம் சுருங்கும். வெட்டுவதற்குமுன் துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உதறி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். கஞ்சியும் போய்விடும், சாயம் விடுமா என்பதும் தெரிந்துவிடும். பட்டிக்கு வாங்கும் துணியையும் நனைக்க மறக்கிறவர்கள் பலர். கவுன் நனைத்தது, பட்டி நனைக்காதது என்றால் முதல் துவைப்பில் கழுத்து மட்டும் சுருங்கி அலையலையாக நிற்கும்.

கேள்வி: பாட்டியின் பழைய பட்டுச்சேலை இருக்கிறது. 5 வயது மகளுக்குத் தீபாவளிக்குப் பாவாடை சட்டை தைக்க ஆசை. சேலையை எப்படி வெட்டுவது? இரண்டு மூன்று வருடம் போட முடியுமா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் சேலை தாங்குமா என்று பாருங்கள். பழைய பட்டு மடிப்புக்கோட்டில்தான் முதலில் போகும். மடிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக இழுங்கள். இழை விலகினால் அந்த மடிப்பு பாவாடைக்குள் வராமல் வெட்டுங்கள். பல மடிப்பிலும் இப்படி என்றால், சேலையை அப்படியே பெட்டியில் வைத்துவிட்டுப் புதுத் துணி வாங்குவது நல்லது. கட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கும் சேலையை வெட்டுவதற்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; அது தையலில் சேராத விஷயம்.

சேலையின் கரைதான் பாவாடையின் கீழ் ஓரம். அதனால் ஓரம் மடிக்கும் வேலை இல்லை. சேலை நீளவாக்கில் ஓடுவது பாவாடையின் சுற்றாகும். ஓர் அங்குலக் கொசுவம் ஒன்று 3 அங்குலத் துணியை விழுங்கும். இடுப்பு 22 என்றால் 22 கொசுவம், 66 அங்குலம்; இணைப்புக்கு ஓர் அங்குலம் சேர்த்து 67, அதாவது 1.7 மீட்டர். உயரத்துக்கு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 24 அங்குலம் என்றால், வளர்ச்சிக்கு 3 அங்குலமும் தையலுக்கு அரை அங்குலமும் சேர்த்து 27½ எடுங்கள். சேலை அகலம் 45க்கு மேல் இருக்கும். மேலே மிஞ்சும் 17, 18 அங்குலத்தில் சட்டை வந்துவிடும். மறு கரையைக் கையோரத்தில் வையுங்கள்.

வளர்ச்சிக்கு விட்ட 3 அங்குலத்தைக் கரைக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஒரு டக்காக (மடித்துத் தைத்த மடிப்பாக)ப் பிடியுங்கள். ஒன்றரை அங்குல ஆழ டக் மூன்று அங்குல நீளத்தை ஒளித்து வைக்கும். இதை மிஷினில் தைக்க வேண்டாம். பட்டில் ஊசி போன துளை போனதுதான். பிரித்தபிறகு புள்ளி வரிசையாக நிற்கும். மெல்லிய கையூசியால் நீள ஓட்டுத் தையல் போதும். குண்டூசியையும் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள். ஜரிகையில் சூட்டுப் பெட்டியை நேராக வைக்காமல் மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேயுங்கள்.

இந்த வயதில் பிள்ளைக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. நாடா கட்டினால், ஒன்று இறுக்கித் தடம் விழும், இல்லையென்றால் ஆடும்போது பாவாடை இறங்கும். பழைய முறைப்படி பாடி வைத்த பாவாடையே சரி: மென்மையான வாயில் துணியில் கையில்லாத பாடி தைத்து அதன் அடியில் கொசுவத்தைச் சேருங்கள். பின்திறப்பு பாடியோடு நிற்காமல் பாவாடைக்குள்ளும் 4 அங்குலம் இறங்கட்டும். பாடியின் தோள்பட்டியை 2 அங்குலம் நீளமாக விட்டு, முன்பக்கம் பட்டன் வைத்து, காஜா இரண்டு இடத்தில் போட்டால் பாவாடையை அடுத்த வருடம் பட்டனை மாற்றியே இறக்கலாம், அதற்கடுத்த வருடம் டக்கைப் பிரிக்கலாம். உயரம் இப்படிச் சமாளிக்கும். சட்டை சமாளிக்காது. அது புதிதாகத்தான் தைக்க வேண்டும். மிச்சத் துணியைத் தூக்கிப்போடாதீர்கள்.

கேள்வி: ஓவர்லாக் மிஷின் இல்லை. துணி ஓரம் நூல் பிரிகிறது. ஜாயிட் தெப்பி (ஓரத் தையல்) போட ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டுமா?
— ஒரு வாசகி, லாசா

பதில்: மெல்லிய காட்டனுக்குத் தேவையில்லை. கெட்ட பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்து, திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி மடித்து மறுபடி கால் அங்குலத்தில் தையுங்கள். பிசிறெல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். பக்கம், தோள் போன்ற நேரான தையலுக்கு இது பொருத்தம். கைக்குழி வளைவுக்குப் பொருந்தாது, அங்கே கிராஸ் பட்டி போடுங்கள். கைக்குழந்தையின் ஜபலாவுக்கு ஒரு விதிவிலக்கு: தையல் மேடு தோலில் உரசாதபடி, பிசிறு வெளிப்பக்கம் வரத் தைத்து அதன்மேல் பட்டி வைத்து மூடுவார்கள். பழைய வேட்டித் துணி அதற்கு மிக நல்லது. வேலைக்குப் போட்ட சட்டையை வெட்டிப் பயன்படுத்துவதானால் ரப்பர் பால் பட்ட இடத்தை ஒதுக்குங்கள். அங்கே ஊசி ஒட்டும், தையல் தாவும்.

கேள்வி: நெட், ஆர்கன்சா வைத்த கவுனை மகள் கேட்கிறாள். போட்டால் அரிக்கிறது என்கிறாள். கழுத்துக்கு முடிச்சுப் போடும் நாடாவும் வேண்டுமாம்.
— ஒரு தாய், லிந்தாங்

பதில்: அரிப்பது நெட்டின் வெட்டிய ஓரம். இடுப்புத் தையலில் நெட் சேரும் இடத்தின்மேல் உள்பக்கம் ஒரு காட்டன் பட்டியை வைத்துத் தைத்து மூடுங்கள். நெட்டைவிட ஓர் அங்குலம் நீளமாகக் காட்டன் லைனிங் கொடுங்கள். ஆனால் மத்தாப்பு கொளுத்தும் நேரத்துக்கு அந்த உடுப்பு வேண்டாம். நைலானும் பாலியஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். காட்டனும் எரியும்தான், உருகி ஒட்டாது. கடைக்காரர் காட்டன் என்று சொல்வதில் சந்தேகமிருந்தால் நாலு இழை உருவிச் சிங்க்கில் வைத்து எரித்துப் பாருங்கள்: காட்டன் தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் கெட்டி மணியாக உருண்டு நிற்கும், பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். விளக்கு முன்னால் உட்காரவும் மத்தாப்புக்கும், உடம்போடு ஒட்டிய அளவில் ஒரு சாதாரணக் காட்டன் உடுப்பு இருக்கட்டும்.

கழுத்து நாடா கூடாது, அவள் கேட்டாலும். சறுக்குமரம், ஊஞ்சல், கதவுப் பிடி எதில் மாட்டினாலும் கழுத்தை இறுக்கும். ஐரோப்பியத் தர விதி ஈஎன் 14682, 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தலைமூடியிலும் கழுத்துப் பகுதியிலும் நாடாவையே அனுமதிப்பதில்லை. முடிச்சின் அழகுதான் வேண்டுமென்றால் தைத்து ஒட்டிய போ ஒன்றை வைத்து, திறப்பைப் பின்பக்கம் டிக் பட்டனால் மூடுங்கள். 3 வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் மணி, முத்து எதையும் தைக்க வேண்டாம். பிய்ந்தால் நேராக வாய்க்குப் போகும்.

கேள்வி: பள்ளிச் சீருடையை வீட்டிலேயே தைக்கலாமா? போன வருட நீல பினஃபோரின் ஓரத்தைப் பிரித்து இறக்கினேன். பழைய மடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தொடக்கத்தில் வேண்டாம். பினஃபோரின் கொசுவமும் பெல்ட் பட்டியும் ஜிப்பும் பழகிய கைக்கே நேரம் எடுக்கும். துணியும் ஜிப்பும் தனித்தனியாக வாங்குகிற காசுக்குத் தைத்ததே கிடைத்துவிடும். ஓரம் இறக்குவது, பட்டன், கிழிசல் இவற்றை மட்டும் வீட்டில் செய்யுங்கள். அந்தக் கோட்டுக்கு, ஒரு பங்கு வெள்ளைச் சுக்காவை (வினிகரை) இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து, உள்மடிப்பில் ஓரிடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, கோட்டின்மேல் தடவி, துணி போட்டு அழுத்தித் தேயுங்கள். மடிப்புத் தடம் இதில் போகும். உராய்ந்து சாயமே வெளுத்த கோடு போகாது. அதன்மேல் அதே நீல நூலில் இரண்டு வரிசைத் தையல் ஓட்டி மறைத்துவிடுங்கள்.